சொல்லின் பொருளும் சிறைக் கதவும்

(ஊத்தங்கரை அரசியல் வகுப்பில் ஆற்றிய உரை)

சென்ற வாரம் ஓசூர் பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒரு வாலிபர் என்னிடம் கேட்டார்: "அண்ணே, நிலப் பத்திரம் எழுதின அன்றைக்கு எது எல்லையோ, அதுதானே இன்றைக்கும் எல்லை? அரசியல் சட்டத்தையும் அப்படியே படித்தால் என்ன? எழுதினவர்கள் நினைத்ததோடு நிற்கட்டுமே. ஜட்ஜுகள் இஷ்டத்துக்குப் பொருள் சொல்ல இடம் கொடுப்பானேன்?"

கேள்வி நியாயமானது, அலட்சியமாகத் தள்ளக் கூடாது. அமெரிக்காவில் இதையே கொள்கையாகக் கொண்ட நீதிபதிகள் இருக்கிறார்கள். நம் நாட்டின் அனுபவம் இதற்கு என்ன பதில் சொல்கிறது?

1950 ஜனவரி 26-ந் தேதி அரசியல் சட்டம் அமலுக்கு வந்தது. பதினாறே நாட்களில், பிப்ரவரி 11-ந் தேதி, சேலம் மத்திய சிறையில் துப்பாக்கிச் சூடு நடந்தது. கம்யூனிஸ்ட் கைதிகள் 22 பேர் மாண்டனர். நமது ஊத்தங்கரை அன்று சேலம் ஜில்லாவைச் சேர்ந்தது. ஆகவே இது எங்கோ நடந்த கதையல்ல.

அப்போது தோழர் ஏ.கே.கோபாலனும் சென்னை ராஜ்யத்தில் சிறையில் இருந்தார். 1947 டிசம்பர் முதல் காவல். 1950 மார்ச் 1-ந் தேதி, புதிய தடுப்புக் காவல் சட்டத்தின் கீழ் மீண்டும் ஓர் உத்தரவு! அவர் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். வக்கீல் எம்.கே.நம்பியார் வாதாடினார்.

வழக்கு ஒரு சொற்றொடரில் நின்றது. சட்டத்தினால் ஏற்படுத்தப்பட்ட நடைமுறைப்படி அன்றி எவருடைய உயிரையும் சுதந்திரத்தையும் பறிக்கக் கூடாது என்கிறது 21-வது ஷரத்து. அந்த நடைமுறை நியாயமானதாக இருக்க வேண்டாமா என்று கேட்டார் நம்பியார். வேண்டியதில்லை, சட்டசபை இயற்றிய நடைமுறை எதுவானாலும் போதும் என்றனர் பெரும்பான்மை நீதிபதிகள். அமெரிக்க அரசியல் சட்டத்தில் உள்ள 'முறையான சட்ட நடைமுறை' என்ற வாசகத்தை அரசியல் நிர்ணய சபை தெரிந்தே விட்டுவிட்டது என்பது அவர்களுக்குப் பலமான ஆதாரமாயிற்று. நீதிபதி ஃபஸல் அலி மாறுபட்டார். நடைமுறை என்றால் நோட்டீஸ், பேச வாய்ப்பு, பாரபட்சமற்ற மன்றம், ஒழுங்கான விசாரணை ஆகியவை வேண்டும் என்றார். ஆயினும் சிறைக் கதவு திறக்கவில்லை.

சபை உண்மையில் என்ன நினைத்தது? 1948 டிசம்பரில் டாக்டர் அம்பேத்கர் இரு பக்கத்து அபாயத்தையும் எடுத்துச் சொன்னார். சட்டசபையில் பெரும்பான்மை பெற்ற கட்சி உரிமையை மிதிக்கலாம். ஐந்தாறு நீதிபதிகள் தங்கள் சொந்த அபிப்பிராயத்தைச் சட்டமாக்கலாம். எது மேல் என்று அவர் முடிவு கூறவில்லை, சபைக்கே விட்டார். எழுதியவரே தயங்கிய இடத்தில், அவருடைய எண்ணம் இதுதான் என்று எப்படி அளப்பது? அந்தச் சபையைத் தேர்ந்தெடுத்த மாகாணச் சட்டசபைகளோ சொத்து, வரி, படிப்பு பார்த்துக் கொடுத்த வோட்டில் வந்தவை. கூலி விவசாயிக்கு அதில் வோட்டு ஏது?

பிறகு நடந்ததைக் கவனியுங்கள். கோபாலன் தீர்ப்பு ஒவ்வொரு ஷரத்தையும் தனித்தனி அறையாகப் பூட்டி வைத்தது. அந்தப் பூட்டை 1970-ல் சுப்ரீம் கோர்ட்டே உடைத்தது. யாருக்காக? சிறைக் கைதிக்காக அல்ல, பாங்குப் பங்குதாரர் கூப்பருக்காக! அந்தத் தீர்ப்பில் பாங்கு தேசியமயச் சட்டம் செல்லாமல் போயிற்று. 1978-ல் மேனகா காந்தி பாஸ்போர்ட் வழக்கில்தான், நடைமுறை நியாயமாக இருக்க வேண்டும் என்ற தீர்ப்பு வந்தது. நம்பியார் கேட்டது கிடைக்க 28 ஆண்டுகள்!

ஆகவே அந்த வாலிபரின் பயமும் பொய்யல்ல. நீதிபதி விரிக்கும் பொருள் ஏழைக்கும் உதவும், முதலாளிக்கும் உதவும். எழுத்தும் சில சமயம் நமக்குக் கேடயம். காவலுக்கான காரணத்தைக் கைதி கோர்ட்டில் வெளியிடக் கூடாது என்ற 14-வது பிரிவை, கோபாலன் வழக்கிலேயே எல்லா நீதிபதிகளும் ஒருமுகமாக ரத்து செய்தார்கள். 22-வது ஷரத்தின் எழுத்தே அதற்கு ஆதாரம்.

நான் வாலிபரிடம் சொன்னது இதுதான்: "தம்பி, பத்திரத்தில் ஒரு பக்கத்தை மட்டும் படித்து எல்லைக்கல் நடுவோமா? முழுவதும் படிப்போம். அதோடு, பத்திரம் இரண்டு பேருக்கு இடையே நிலத்தைப் பிரிக்கிறது. அரசியல் சட்டமோ இன்னும் பிறக்காதவர்களுக்கும் கொடுத்த வாக்கு. வாக்குக் கொடுத்தவனின் சவுகரியத்தை மட்டும் பார்த்து அதை அளக்கலாமா?"

இன்றும் 22-வது ஷரத்து தடுப்புக் காவலை அனுமதிக்கிறது. 1982-ல் தமிழ்நாட்டில் வந்த குண்டர் சட்டத்தில் ஓராண்டு வரை விசாரணையின்றி அடைக்கலாம். இந்த வட்டாரத்தில் 'குண்டாஸ்' என்ற சொல்லைக் கேட்டதுமே குடும்பங்கள் நடுங்கிப் போகின்றன. நடுங்காதீர்கள், கேளுங்கள்! காரணத்தைத் தெரிவிக்க வேண்டும், மனுக் கொடுக்க வாய்ப்புத் தர வேண்டும் என்று அதே ஷரத்து சொல்கிறது. கைதிக்குப் புரிகிற மொழியில் சொல்ல வேண்டும் என்று 1962-ல் சுப்ரீம் கோர்ட் கூறியுள்ளது.

அடுத்த வகுப்புக்கு ஒவ்வொருவரும் 19, 21, 22-வது ஷரத்துகளைத் தமிழில் எழுதிக் கொண்டு வாருங்கள். மூன்றையும் சேர்த்துப் படிப்போம். பொருள் சொல்லும் வேலையை வக்கீலுக்கும் ஜட்ஜுக்கும் மட்டும் விட்டுவிட முடியாது, தோழர்களே!