மஞ்சள் விளக்கு மறுபடியும் எரிந்தால்

(வட்டவளையில் தோட்டச் சாரதிகளுக்கும் அவர்களது குடும்பத்தினருக்கும் நடைபெற்ற ஞாயிறு வகுப்பில், தோட்டப் பாடசாலை ஆசிரியையும் சங்க அமைப்பாளருமானவர் ஆற்றிய உரை.)



டீச்சருக்கு எஞ்சினில் என்ன வேலை என்று பின்வரிசையில் ஒருவர் கேட்டது என் காதில் விழுந்தது. நியாயமான கேள்விதான். என் அப்பா கொழுந்து லொறி ஓட்டியவர். பொனட்டுக்குள் அவருக்கு டோர்ச் பிடித்துப் பிடித்துத்தான் நான் வளர்ந்தேன். ஆனாலும் நான் மெக்கானிக் இல்லை. தரம் ஐந்துக்குக் கணக்கு சொல்லிக்கொடுப்பவள். இன்றைய விஷயத்துக்கு அந்தக் கணக்குப் புத்திதான் அதிகம் தேவைப்பட்டது.

நம் தோட்டம் ஒன்றில், பெயர் வேண்டாம், நோயாளிகளை ஏற்றிப்போகும் பழைய டபுள் கெப் ஒன்று இருக்கிறது. போன வருடம் ஜூன் மாதம், நல்ல மழை இரவில், வலி கண்ட ஒரு தங்கச்சியை ஏற்றிக்கொண்டு டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்குப் புறப்பட்டார்கள். ரொசல்ல ஏற்றத்தில் டேஷ்போட்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது. எஞ்சின் இழுவை விட்டது. கால் எவ்வளவு அழுத்தினாலும் வண்டி நடை வேகத்துக்கு மேல் போகவில்லை. 1990க்கு அழைத்து, அம்புலன்ஸ் வந்து, ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தார்கள். தாயும் பிள்ளையும் சுகம். அந்தப் பிள்ளை இப்போது முன்வரிசையில் அம்மா மடியில் தூங்குகிறது.

அடுத்த கிழமை சாரதிக்கு ஒரு கடிதம் வந்தது. எச்சரிக்கை விளக்கு எரிந்தும் கவனிக்காமல் வண்டியை ஓட்டி எஞ்சினைப் பழுதாக்கினீர், திருத்தும் செலவை ஏன் உம்மிடம் அறவிடக்கூடாது என்று கேட்டிருந்தார்கள். அந்த மனிதர் மூன்று மாதமாக அதே விளக்கைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தவர். பிரட்டுக்களத்தில் சொன்னார், ஒபிஸ் வாசலில் சொன்னார், போனிலும் சொன்னார். எல்லாம் வாய்ச்சொல். ஒரு துண்டுக் கடதாசி இல்லை. அவரிடமும் இல்லை, வெட்கத்தோடு சொல்கிறேன், அமைப்பாளராகிய என்னிடமும் இல்லை.

அந்த விளக்கு என்ன என்று முதலில் பார்ப்போம். எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு. வண்டிக்குள் இருக்கும் சிறிய கம்பியூட்டர், எஞ்சினில் பல இடங்களில் உள்ள சென்சர்களைக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. ஏதாவது ஒன்று சொல்லும் கணக்கு அளவுக்கு மீறினால் ஒரு கோட் எழுதி வைத்துவிட்டு விளக்கைப் போடுகிறது. இது சாரதியின் வசதிக்காக வந்ததல்ல. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் வாகனப் புகையைக் கட்டுப்படுத்த 1988 மொடல் வண்டிகளிலிருந்து கொண்டுவந்தார்கள். 1996இல் அமெரிக்கா முழுவதற்கும் ஒரே மாதிரியான முறை வந்தது. டேஷ்போட்டுக்குக் கீழே 16 ஊசி போகும் சொக்கட் ஒன்று இருக்கும். ஸ்கேனரை அங்கேதான் செருகுகிறார்கள்.

எல்லாப் பழைய கெப்பிலும் இது இருக்காது. பம்ப் முழுக்க இரும்பு வேலையாக இருக்கும் பழைய டீசல் ஹைலக்ஸில் கம்பியூட்டரே கிடையாது. அதில் மஞ்சளாக எரிவது குளிரில் எஞ்சினைச் சூடாக்கும் விளக்காக இருக்கலாம், டீசலில் தண்ணீர் சேர்ந்ததைச் சொல்லும் விளக்காக இருக்கலாம். தண்ணீர் விளக்கு என்றால் பில்டருக்குக் கீழே உள்ள திருகைத் திறந்து தண்ணீரை வடித்துவிட்டால் போதும். ஸ்கேன் பண்ண வேண்டும் என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். எந்த விளக்கு என்று படத்தைப் பாருங்கள்.

நிறத்தையும் பாருங்கள். எண்ணெய்க் குவளை படம் சிவப்பாக எரிந்தால் அங்கேயே ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்துவிடுங்கள். இன்னும் ஒரு வளைவு போய் நிறுத்தலாம் என்று நினைத்தவர்களின் எஞ்சின்கள் கராஜ்களில் கிடக்கின்றன. எஞ்சின் படம் மஞ்சளாக நின்று எரிந்தால் மெதுவாகக் கொண்டுபோய்ச் சேர்க்கலாம். பெற்றோல் வண்டியில் அது மினுங்கினால், எஞ்சின் ஒழுங்காக எரியவில்லை என்று அர்த்தம். உடனே வேகத்தைக் குறைக்க வேண்டும்.

இனி நம் கெப்பின் கதைக்கு வருவோம். மூன்று மாதத்தில் மூன்று முறை கராஜுக்குப் போனது. முதல் முறை பெட்டரி வயரைக் கழற்றிப் போட்டார்கள். விளக்கு அணைந்தது. நான்கு நாளில் மறுபடி எரிந்தது. இரண்டாம் முறை டீசல் பில்டரை மாற்றி, கோட்டையும் அழித்தார்கள். மூன்றாம் முறையும் அதே கதை, இன்னொரு பில்டர். பிறகு பம்ப் போய்விட்டது என்றார்கள். பம்ப் விலை லட்சக்கணக்கில்.

காய்ச்சலுக்குப் பனடோல் போட்டால் சூடு இறங்கும். டெங்குவா, வேறு எதுவா என்று பனடோல் சொல்லாது. பெட்டரியைக் கழற்றுவது அதைவிட மோசம். கோட் விழுந்த அந்தக் கணத்தில் வண்டி என்ன வேகத்தில் போனது, எஞ்சின் எவ்வளவு சூடாக இருந்தது என்ற குறிப்பையும் கம்பியூட்டர் சேர்த்தே வைத்திருக்கிறது. அழித்தால் அதுவும் போய்விடும். சாட்சியை நாமே கொளுத்துவது போல. ஆகவே கராஜில் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்: "அழிக்கிறதுக்கு முன்னால கோட்டை எழுதிக் குடுங்க பாஸ்." போனில் ஒரு படம் எடுத்தாலும் சரி.

கடிதம் வந்த பிறகு நாங்கள் ஒரு வேலை செய்தோம். சாரதியிடம் 40 பக்கக் கொப்பி ஒன்று கொடுத்தேன். விளக்கு எரிந்தால் நாள், நேரம், இடம், ஏற்றமா இறக்கமா, மழையா வெயிலா, எத்தனை பேர் ஏறியிருந்தார்கள் என்று எழுத வேண்டும். எரியாத நாளையும் எழுத வேண்டும். இந்தக் கடைசி விஷயத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். அவருக்கு எழுதப் பஞ்சி. தரம் எட்டில் படிக்கும் மகள்தான் இரவில் கேட்டுக் கேட்டு எழுதினாள்.

இரண்டு மாதத்தில் பதினொரு முறை எரிந்திருந்தது. ஒன்றைத் தவிர எல்லாம் ஏற்றத்தில், மழையில். அதே ஏற்றத்தில் அதே பாரத்தோடு வெயில் நாளில் போனபோது எரியவில்லை. இப்போது கணக்குப் போடுங்கள். பில்டர் அடைத்திருந்தால், பம்ப் தேய்ந்திருந்தால், டீசல் அதிகம் கேட்கும் ஏற்றத்தில் இழுவை குறையும், உண்மை. ஆனால் பம்புக்கு மழை தெரியுமா? வெயிலிலும் குறைய வேண்டுமே. மழையில் மட்டும் வருகிற நோய் அநேகமாக வயரிலோ பிளக்கிலோ இருக்கும்.

ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிற இடம் நம் வட்டவளை. இந்த நாட்டில் இவ்வளவு நனைகிற ஊர்கள் சிலதான். கொழும்பில் ஓடும் வண்டிக்கு எழுதிய வைத்தியம் இங்கே அப்படியே பொருந்தாது.

கொப்பியை எடுத்துக்கொண்டு வேறொரு பாஸிடம் போனோம். அவர் ஸ்கேனரைப் போட்டார். பி0190. டீசல் அழுத்தத்தை அளக்கும் சென்சரின் மின்சுற்றில் பிழை என்று அர்த்தம். அழுத்தம் குறைவு என்பதற்கு வேறு கோட், பி0087. இரண்டும் வேறு வேறு. முந்தைய கராஜில் கோட்டை எழுதிவைக்காததால் இந்த வித்தியாசம் யாருக்கும் தெரியாமலே போயிற்று.

இங்கேயும் ஒரு பொறி இருக்கிறது. கோட்டைப் பார்த்தவுடன் சென்சரை வாங்கி மாட்டிவிடுவார்கள். கோட் சொல்வது எங்கே வலிக்கிறது என்பதை மட்டும். அந்த பாஸ் கொப்பியை இரண்டு முறை வாசித்தார். பிறகு எஞ்சினை ஓடவிட்டு, சென்சருக்குப் போகும் வயரை மெதுவாக ஆட்டி ஆட்டிப் பார்த்தார். ஓரிடத்தில் எஞ்சின் தடுமாறியது. இரும்புத் தகடு ஒன்றில் உரசி உரசி வயரின் தோல் தேய்ந்து, உள்ளே செம்பு பச்சை பூத்திருந்தது. எஞ்சினைத் தாங்கும் ரப்பரும் வெடித்திருந்தது. ஏற்றத்தில் எஞ்சின் பலம் கொடுக்கும்போது ஒரு பக்கமாகச் சரியும். சரியும்போது வயர் இழுபடும். மழை நாளில் அதற்குள் தண்ணீரும் இருக்கும். ஏற்றமும் மழையும் சேர்ந்தால்தான் விளக்கு. வயரை ஒட்டி, உறை போட்டு, தகட்டிலிருந்து விலக்கிக் கட்டினார். ரப்பரை மாற்றினார். பம்ப் விலையோடு ஒப்பிட்டால் அந்தச் செலவு ஒன்றுமே இல்லை. அதற்குப் பிறகு ஒரு தென்மேல் பருவமழை முழுக்க ஓடிவிட்டது, விளக்கு எரியவில்லை.

உங்களில் சிலர் மரக்கறி ஏற்றப் பழைய கெப் வாங்க நினைத்திருக்கிறீர்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி, 2025 தொடக்கத்தில்தான் தனியார் வாகனங்களுக்குத் திறந்துவிட்டார்கள். அதனால் இருபது வருட வண்டிக்கும் தங்க விலை. வாங்கப் போனால் சாவியை ஒரு கட்டம் திருப்பி, ஸ்டார்ட் பண்ணாமல் டேஷ்போட்டைப் பாருங்கள். எஞ்சின் விளக்கு எரிய வேண்டும், ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். சாவி திருப்பியும் எரியவே இல்லை என்றால், விளக்கைக் கழற்றிவிட்டு விற்கிறார்களோ என்று சந்தேகப்படுங்கள். ஏற்றத்தில் ஓட்டிப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

கடிதம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். கொப்பியையும், பாஸ் எழுதிக்கொடுத்த பில்லையும், வெட்டி எடுத்த வயர்த் துண்டையும் மேசையில் வைத்துப் பேசினோம். செலவை அறவிடும் பேச்சு நின்றது. ஆனால் கடிதத்தை இன்னும் வாபஸ் வாங்கவில்லை. அது அந்த மனிதரின் பைலில் இருக்கிறது. அதைத் திரும்பப் பெறும்வரை நான் கேட்டுக்கொண்டே இருப்பேன். உங்களுக்கும் இப்படி ஒரு கடிதம் வந்தால் தனியாகப் பதில் எழுதாதீர்கள், வெற்றுத் தாளில் கையெழுத்தும் போடாதீர்கள். தலைவரிடம் கொண்டுவாருங்கள்.

சங்கம் கேட்பது இதுதான். ஒவ்வொரு தோட்ட வாகனத்திலும் கார்பன் தாள் வைத்த முறைப்பாட்டுக் கொப்பி இருக்க வேண்டும். மேல் தாள் ஒபிஸுக்கு, கீழ்த் தாள் சாரதிக்கு. பெற்றுக்கொண்டவர் நேரத்தோடு கையெழுத்துப் போட வேண்டும். நோயாளி ஏற்றும் வண்டியில் விளக்கு எரிந்தால், பார்த்துத் திருத்தும்வரை மாற்று வண்டி கொடுக்க வேண்டும். ஒபிஸ் கொப்பி தரும்வரை நாம் காத்திருக்கப் போவதில்லை. வாசலில் மாதர் சங்கத் தலைவியிடம் இருபது கொப்பி இருக்கிறது. எழுதப் பஞ்சி என்றால் வீட்டில் பிள்ளைகளிடம் கொடுங்கள்.

அந்தக் கெப் வெளியேதான் நிற்கிறது. பாஸும் வந்திருக்கிறார். வாருங்கள், மழை இன்னும் இறுக்குவதற்குள் பொனட்டைத் திறந்து அந்த வயரைக் காட்டச் சொல்வோம்.