பல சேவையகங்களும் ஒரு வாயிலும்

பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகும் நாளிலே மாணாக்கரும் பெற்றோரும் பெருந்திரளாக ஒரே வேளையில் ஒரே இணையத்தளத்தைத் தேடிச் செல்கின்றனர். அவர்கள் அனைவருக்கும் ஒரு கணினியே விடையளிக்க வேண்டுமாயின், அது எத்துணை ஆற்றல் படைத்ததாயினும் ஒரு கட்டத்தில் திணறியே தீரும். ஆதலால், ஒரே பணியைச் செய்யவல்ல கணினிகள் பலவற்றை வைத்து, அவற்றின் முன்னே வாயில் காப்போன் போல வேறொன்றை நிறுத்துவது இக்கால வழக்கம். பின்னே நிற்பவை சேவையகங்கள். முன்னே நிற்பது 'லோட் பாலன்சர்' எனப்படும் சுமைபகிர்வி. வருவோர்க்கு அதன் முகவரி ஒன்றே தெரியும்.

வருகின்ற கோரிக்கைகளை அது எங்ஙனம் பகிர்கின்றது? பந்தியிலே பரிமாறுவதுபோல, முதலாவதற்கு ஒன்று, இரண்டாவதற்கு ஒன்று என முறைவைத்துக் கொடுத்தல் எளிய வழி. ஆயினும் எல்லாக் கோரிக்கைகளும் ஒரே அளவின அல்ல. ஒருவர் தம் மகளின் பெறுபேற்றை மட்டும் கேட்பார். இன்னொருவர் ஒரு பாடசாலையின் பெறுபேறுகள் முழுவதையும் கேட்பார். எனவே, எந்தச் சேவையகத்தின் கையில் முடியாத வேலை குறைவாக உள்ளதோ அதனிடம் அடுத்ததை ஒப்படைக்கும் முறையைப் பலர் விரும்புவர்.

இம்முறையிலேதான் ஓர் இடர் ஒளிந்திருக்கின்றது. சேவையகம் ஒன்று பழுதடைந்து, வருகின்ற கோரிக்கை ஒவ்வொன்றையும் கணப்பொழுதில் 'பிழை' என்று திருப்பியனுப்புகின்றது எனக் கொள்வோம். அதன் கை எப்பொழுதும் வெறுமையாகவே இருக்கும். சுமைபகிர்வியோ அதனை மிக்க சுறுசுறுப்புடையதென எண்ணி, மேலும் மேலும் அதனிடமே அனுப்பும். வெற்றுத்தாளை ஒப்படைத்துவிட்டு முதலில் எழுந்து செல்லும் மாணாக்கனை அதிவிவேகி என்று நம்பிவிட்ட மேற்பார்வையாளரின் நிலைதான் இது. நல்ல சேவையகங்கள் இரண்டு அருகிலிருக்க, மக்களுட் பெரும்பாலோர் பிழைச்செய்தியையே காண்பர்.

இதனைத் தடுப்பதற்கே நலச்சோதனை என ஒன்றை வகுத்தனர். பிரான்சு நாட்டவரான வில்லி தாரோ ஆக்கிய எச்.ஏ.புரொக்சி என்னும் சுமைபகிர்வியில், இச்சோதனையை இயக்கிவிட்டு வேறு அளவு குறிப்பிடாவிடின், இரண்டு செக்கனுக்கு ஒரு முறை சேவையகத்தை வினவும். தொடர்ந்து 3 முறை தவறினால் விலக்கும். 2 முறை தேறினால் மீண்டும் சேர்க்கும். எண்களை அமைப்பது எளிது. எதனை வினவுவது என்பதிலேதான் விவேகம் வேண்டும். 'இருக்கின்றாயா' என்று மட்டும் கேட்டால், மேற்சொன்ன பழுதுற்ற சேவையகமும் 'இருக்கின்றேன்' என்றே சொல்லும். தரவுத்தளம் வரை சென்று விடை கொண்டுவரச் சொன்னாலோ வேறொரு தொல்லை. தரவுத்தளம் யாவற்றுக்கும் பொதுவானது, அது சற்றுத் தாமதித்தால் எல்லாச் சேவையகங்களும் ஒருங்கே தவறும், எல்லாம் விலக்கப்படும். மெதுவாகவேனும் நடந்துகொண்டிருந்த தளம் முற்றாகச் சாத்தப்படும். லிஃப்ட் நிறுவனத்தார் 2016 ஆம் ஆண்டில் வெளியிட்ட என்வோய் என்னும் கருவி இதற்கு ஒரு வழி கண்டுள்ளது. நலமுள்ளவை பாதிக்குக் கீழே குறைந்துவிட்டால், அது சோதனை முடிவைப் பொருட்படுத்தாது எல்லாவற்றுக்கும் அனுப்பத் தொடங்கும். அந்த எல்லையை வேண்டியவாறு மாற்றிக்கொள்ளலாம்.

விலக்கிய பின் எஞ்சியவை தாங்குமா என்பதையும் முன்னரே கணித்தல் வேண்டும். ஒவ்வொன்றும் செக்கனுக்கு 100 கோரிக்கைகளைத் தாங்கவல்ல 3 சேவையகங்களுக்கு 240 கோரிக்கைகள் வருகின்றன என்க. தலைக்கு 80, யாவும் நலமே. ஒன்று வீழ்ந்தால் ஏனைய இரண்டிற்கும் தலைக்கு 120. அவற்றுள் ஒன்று விரைவில் வீழும். பின்னர் 240 உம் கடைசியானதன் தலையில் வந்து விழும். சிக்கனம் கருதி மூன்றோடு நிறுத்தியவர்கள் இக்கணக்கைப் பெரும்பாலும் கூட்டம் வந்த பின்னரே போட்டுப் பார்க்கின்றனர். நான்காவது ஒன்று இருந்திருப்பின், ஒன்று வீழ்ந்த பின்னரும் தலைக்கு 80 தான்.

உள்நுழைந்தவரின் அடையாளத்தை ஒரு சேவையகத்தின் நினைவகத்தில் மட்டும் வைத்தலும் ஆகாது. அது வீழ்ந்தால் அவர் மீண்டும் வாயிலில் நிற்க நேரிடும். எல்லாச் சேவையகங்களும் எட்டக்கூடிய பொதுவிடத்தில் அதனை வைப்பர். சுமைபகிர்வியையும் இரட்டையாக அமைத்து, ஒன்று மௌனமானால் மற்றையது அதே முகவரியை ஏற்கச் செய்வர். பொறுப்புள்ள உத்தியோகத்தர் பெறுபேற்று நாளுக்கு முன்னரே, கூட்டமில்லாத ஓர் இரவிலே, சேவையகம் ஒன்றையும் முன்னிற்கும் சுமைபகிர்வியையும் வேண்டுமென்றே நிறுத்தி, எத்தனை செக்கனில் மற்றையவை பொறுப்பை ஏற்கின்றன என்று அளந்து எழுதி வைக்கின்றனர்.