இல்லாதவரிடம் வசூலிக்கும் தண்டம்

(ஆய்வு மாணவர்கள் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



சாதி ஒழிப்பு பேசும் மேடையில் பாஸ்புக்குக்கு என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். உதவித்தொகை வாங்கிப் படித்தவர்கள் அப்படி நினைக்க மாட்டார்கள். பட்டியல் சாதி மாணவர்களுக்கான மேற்படிப்பு உதவித்தொகையில் ஒன்றிய அரசின் பங்கு இன்று நேராக மாணவரின் வங்கிக் கணக்கில்தான் விழுகிறது. கணக்கு இல்லையென்றால் காசு இல்லை.

நான் இளங்கலை சேர்ந்தபோது, உதவித்தொகைக்காக எங்கள் வகுப்பில் பலருக்கும் ஒரே கிளையில் கணக்கு தொடங்கினார்கள். குறைந்தபட்ச இருப்பே தேவைப்படாத அடிப்படைச் சேமிப்புக் கணக்கு என்று ஒன்று உண்டு என்பதை அங்கே யாரும் சொல்லவில்லை. படிப்பு முடிந்து ஊர் மாறினேன். வரவு செலவு நின்றது. ஆறு ஆண்டு கழித்துக் கணக்கை மூடப் போனால், இருப்பு மைனஸ் 2,714 ரூபாய் என்றது கணினி. நான் கடன் வாங்கவில்லை. இருப்பு இல்லாததற்குத் தண்டம், அதன்மேல் ஜி.எஸ்.டி., அவ்வளவுதான். “கட்டினால்தான் மூட முடியும்” என்றார் மேலாளர்.

ரிசர்வ் வங்கியின் விதி வேறு மாதிரி இருக்கிறது. 2015 ஏப்ரல் 1 முதல், இருப்பு குறைந்தால் வங்கி முதலில் வாடிக்கையாளருக்குத் தெரிவிக்க வேண்டும். சரிசெய்ய ஒரு மாதமாவது அவகாசம் தர வேண்டும். இந்தத் தண்டத்தால் மட்டும் கணக்கு மைனஸுக்குப் போகக் கூடாது. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வாடிக்கையாளர் வரவு செலவே செய்யாத கணக்கு ‘செயல்படாத கணக்கு’ ஆகிவிடும். அதற்கு இந்தத் தண்டமே போடக் கூடாது. அதை மீண்டும் இயக்கவும் கட்டணம் கேட்கக் கூடாது.

இந்த விதிகளைக் குறிப்பிட்டு ஒரு பக்கக் கடிதம் கொடுத்தேன். மூன்று வாரத்தில் மைனஸ் காணாமல் போனது, கணக்கும் மூடப்பட்டது. அதே வகுப்பில் படித்த என் தோழி ஒருத்தி முழுத் தொகையையும் கட்டியிருந்தாள். “கடன்காரி என்று பெயர் வந்துவிடுமோ என்று பயந்தேன்” என்றாள். தலைமுறை தலைமுறையாகக் கடனைக் காட்டி மிரட்டப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இந்தப் பயம் புதிதில்லை.

2019-20 முதல் ஐந்து நிதியாண்டுகளில் பொதுத்துறை வங்கிகள் இப்படி வசூலித்தது சுமார் 8,500 கோடி ரூபாய். நாடாளுமன்றத்தில் அரசே சொன்ன கணக்கு இது. விதி எல்லோருக்கும் பொது என்பார்கள். ஆனால் மாதம் முழுக்க இரண்டாயிரம் மூவாயிரத்தைத் தொடாமல் வைத்திருக்க யாரால் முடியும்? கூலி வந்த அன்றே அரிசிக்கும் மருந்துக்கும் எடுக்க வேண்டிய வீடுகளில் யார் இருக்கிறார்கள்? நிலமும் சொத்தும் மறுக்கப்பட்டவர்கள்தான் அங்கே அதிகம். பணம் இல்லாததையே குற்றமாக்கி, அதற்கும் பணம் கேட்பதுதான் இந்தத் தண்டம். பாரத ஸ்டேட் வங்கி 2020-இல் இதைக் கைவிட்டது. 2025-இல் கனரா வங்கியும் இந்தியன் வங்கியும் கைவிட்டன. இது இல்லாமலும் வங்கி நடத்த முடியும் என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

நாம் செய்யக்கூடியது இதுதான். முதலில் கணக்கு விவர அறிக்கை வாங்குங்கள். எந்தத் தேதியில் என்ன பிடித்தார்கள் என்று குறியுங்கள். கிளைக்கு எழுத்தில் புகார் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால், அல்லது பதில் சரியில்லையென்றால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போங்கள். கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் தேவையில்லை. விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது. இருப்பு வைக்க முடியாத கணக்கை அடிப்படைக் கணக்காக மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

இந்த வாரம் வீட்டுக்குப் போகிறவர்கள் அம்மாவின் நூறு நாள் வேலைக் கணக்கையும், தம்பி தங்கையின் உதவித்தொகைக் கணக்கையும் ஒருமுறை பாருங்கள். பிடித்திருந்தால் கடிதம் எழுதுங்கள். எழுதத் தெரியாத பக்கத்து வீட்டுக்காரருக்கும் சேர்த்து எழுதுங்கள்.