உப்புவெளியும் பழைய வண்டியும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

இலக்கியம் பேசப் புலவர் பெருமக்கள் இம்மேடையில் வீற்றிருக்கின்றனர். நாமோ பள்ளியிறுதித் தேர்வோடு பாடப் புத்தகத்தை மூடிவிட்டு, இரயில்வே அலுவலகத்தின் பேரேட்டைத் திறந்தோம். ஆதலின் நமக்குத் தெரிந்த சக்கரத்தைப் பற்றியே பேச விழைகிறோம். இரயிலே ஓடாத தீவில் இரயில்வே எழுத்தருக்கு என்ன பேச்சு என்று சிலர் புன்முறுவல் பூப்பது தெரிகிறது. இரயில் இல்லாத ஊரில் விரைவைப் பற்றிப் பேசினால், கால அட்டவணையைக் காட்டி எவரும் நம்மை மடக்க இயலாதல்லவா?

நம் அந்தமான் நெடுஞ்சாலையை எண்ணிப் பாருங்கள். ஜிர்காடாங் வாயிலைத் தாண்டினால் ஜாரவா மக்களின் காடு. அங்கே வண்டிகள் அணிவகுத்தே செல்ல வேண்டும், மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் போகலாகாது, ஒன்றையொன்று முந்தலாகாது. அது நல்ல விதி. அவ்விதிக்குள் வாழும் நாம், மணிக்கு 400 மைல் ஓடிய வண்டிகளின் கதையை ஏன் கேட்க வேண்டும் என்பதை இறுதியில் சொல்லுகிறோம்.

அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தில் பானவில் என்னும் உப்புவெளி உள்ளது. பல்லாயிரம் ஆண்டுகட்கு முன் அங்கே ஒரு பேரேரி இருந்தது. அது வற்றி எஞ்சியதே இவ்வெளி. குளிர்காலத்தில் அதன்மேல் ஒரு மெல்லிய நீர்ப்படலம் நிற்கும். காற்று அந்நீரை இங்குமங்கும் தள்ளித் தளத்தைச் சமன் செய்யும். கோடை வெயில் நீரைக் குடித்துவிட, வெண்மையான கெட்டித் தரை விளையும். தூத்துக்குடியிலும் வேதாரண்யத்திலும் உப்பளம் கண்டவர்கள் நம்மிடையே உண்டு. அங்கே உப்பு விளைவது வாரி எடுப்பதற்கு. பானவிலில் விளைந்த உப்போ பல மைல் தொலைவுக்கு வண்டியோடும் தளமாகிவிட்டது. வளைவில்லை, மரமில்லை, குறுக்கே வரும் மாடுமில்லை.

1935 செப்டம்பரில் இங்கிலாந்தின் மால்கம் காம்பெல், நிலத்தில் மணிக்கு 300 மைலை முதன்முதலாகக் கடந்தது இவ்வெளியில்தான். 1947-ல் அந்நாட்டவரான ஜான் காப் 394 மைல் விரைவை எட்டினார். அவர் வண்டிக்குள் இருந்தவை இரண்டு விமான இயந்திரங்கள். முகப்பில் காற்றைத் தடுக்கும் ரேடியேட்டர் வேண்டாமென்று, பனிக்கட்டி இட்ட தொட்டியால் இயந்திரத்தைக் குளிர்வித்தனர். இவை செல்வந்தர் நாட்டுச் செல்வர்களின் முயற்சிகள்.

நம் நெஞ்சைக் கவர்வோர் இவர்களுக்குப் பின் வந்த எளியவர்கள். 1949 முதல் அங்கே ‘விரைவு வாரம்’ என்றொரு கூட்டம் நடைபெற்று வருகிறது. கூடுவோர் பெரும்பாலும் சொந்தப் பட்டறையில் வார விடுமுறைகளில் வேலை செய்பவர்கள். 1932-ம் ஆண்டு ஃபோர்டு வண்டி, 1953-ம் ஆண்டு ஸ்டூடிபேக்கர் என்று பிறர் கழித்துவிட்ட பழைய வண்டிகளை வாங்கிப் புதுக்குவர். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் விமானங்களின் எண்ணெய்த் தொட்டிகள் மலிவாக விற்பனைக்கு வந்தன. நீர்த்துளி போன்ற அத்தொட்டிக்குள் இயந்திரத்தையும் ஓட்டுநரையும் அடக்கி, நான்கு சக்கரம் பூட்டி ஓட்டினார் பில் பர்க் என்பவர். போருக்குச் செய்த பொருள் விளையாட்டுக்கு உதவிற்று. 1965 நவம்பரில் சம்மர்ஸ் சகோதரர் இருவர், காய்கறிக் கடையாக இருந்த ஓரிடத்தில் தாம் உருவாக்கிய ‘கோல்டன்ராட்’ என்னும் வண்டியை 409 மைல் விரைவில் ஓட்டிக் காட்டினர்.

இத்தகைய வண்டியை எங்ஙனம் அமைக்கின்றனர்? இளைஞர்கள் இதனைச் சற்றுக் கூர்ந்து கேட்க வேண்டுகிறோம்.

முதற் பகை காற்று. விரைவு இருமடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகும். அதை வெல்ல வேண்டிய ஆற்றலோ எட்டு மடங்காகும். 100 கிலோமீட்டர் விரைவில் காற்றைப் பிளக்க 20 குதிரைத் திறன் போதுமானால், 200 கிலோமீட்டருக்கு 160 வேண்டும். ஆகையால் அறிவுடையோன் இயந்திரத்தைப் பெருக்குமுன் வண்டியின் உருவத்தைத் திருத்துவான். முகப்பைத் தாழ்த்துவான், இடுக்குகளை மூடுவான், வெளியே துருத்தி நிற்கும் விளக்கையும் கைப்பிடியையும் அகற்றுவான். துருத்தியது எதுவும் காற்றுக்குப் பிடி.

இரண்டாவது பகை வழுக்கல். பந்தய வண்டி இலேசாக இருக்க வேண்டும் என்பது உலக வழக்கு. உப்புவெளியில் இது தலைகீழ். உப்பின்மேல் சக்கரம் எளிதில் பிடிப்பிழந்து சுழலும். எனவே ஈயக் கட்டிகளையும் இரும்பையும் வண்டிக்குள் ஏற்றிக் கனம் கூட்டுகின்றனர். ஓட நெடுந்தொலைவு இருப்பதால், கனத்த வண்டி மெதுவாகவே விரைவு கொள்ளினும் குறையில்லை.

மூன்றாவது, நிறுத்துதல். அத்தனை விரைவில் பிரேக்கை மட்டும் நம்பினால் அது காய்ந்து கருகிவிடும். வண்டியின் பின்னால் பாராசூட் விரித்து விரைவைத் தணித்த பின்னரே பிரேக்கைத் தொடுகின்றனர். வண்டி உருண்டால் தலை நசுங்காதிருக்க எஃகுக் கூண்டு, உடம்பைப் பிணைக்கும் பட்டை, தீப்பிடிக்காத உடை, தலைக்கவசம் ஆகியவை சரியாக உள்ளனவா எனத் தேர்வாளர் பார்த்து ஒப்பிய பின்னரே வண்டி கோட்டுக்கு வரும். அங்கே பரிந்துரைச் சீட்டுச் செல்லாது.

இன்னொன்று இரயில்வேக்காரர் உள்ளத்துக்கு உகந்தது. உலகச் சாதனை என்று ஏற்க வேண்டுமானால் ஒருமுறை ஓடிக்காட்டினால் போதாது. ஒரு மணி நேரத்துக்குள் திரும்பி எதிர்த் திசையிலும் ஓட வேண்டும். இரண்டின் சராசரியே கணக்கில் ஏறும். பின்காற்று தந்த உதவியை எதிர்காற்று கழித்துவிடும். போன வண்டிக்குத் திரும்பும் வண்டியே சாட்சி! இவ்வளவும் செய்து வென்றவனுக்கு விரைவு வாரத்தில் கிடைக்கும் பணமுடிப்பு எதுவும் இல்லை; ஏட்டில் ஒரு வரி, நண்பர்களின் கைகுலுக்கல், அவ்வளவே.

எளியவர் முயற்சிக்கு எடுத்துக்காட்டாக ஒருவரைச் சொல்ல வேண்டும். அவர் ஓட்டியது மோட்டார் சைக்கிள். ஆயினும் அதே உப்பு, அதே உழைப்பு. அவர் நம்மைப் போலவே கடல் சூழ்ந்த நாட்டில் வாழ்ந்தவர். நியூசிலாந்தின் தென்கோடியில் இன்வர்கார்கில் நகரில் வாழ்ந்த பர்ட் மன்றோ 1920-ல் ஒரு வண்டி வாங்கினார். அதன் பெயர் ‘இந்தியன்’. பெயரைக் கேட்டு மகிழ வேண்டாம். அது அமெரிக்கக் கம்பெனி செய்தது. வாங்கியபோது அது மணிக்கு 55 மைல் ஓடும். உதிரிப் பொருள் வாங்க வசதியில்லாத அவர், பழைய தகரக் குவளைகளில் உலோகத்தை உருக்கி ஊற்றிப் பிஸ்டன் வார்த்தார். டிராக்டரின் அச்சிலிருந்து இணைப்புத் தண்டு செதுக்கினார். உடைந்த உறுப்புகளை எறியாமல் அலமாரியில் அடுக்கி, ‘வேகக் கடவுளுக்குக் காணிக்கை’ என எழுதி வைத்தார். இப்படி நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரே வண்டியைத் திருத்தினார். 1967-ல், தம் 68-ம் வயதில், பானவிலில் 183 மைலுக்கு மேல், அதாவது 295 கிலோமீட்டர் விரைவில் ஓடிச் சாதனை பொறித்தார். பழைய கணக்கில் இருந்த பிழை 2014-ல் திருத்தப்பட்டு அது 184 மைல் ஆயிற்று. அவர் மறைந்ததோ 1978-ல்! நம் பெரம்பூர் ஐ.சி.எப். தொழிற்சாலை பெருமையுடன் செய்த ‘வந்தே பாரத்’ வண்டி 2018-ல் சோதனை ஓட்டத்தில் தொட்டது 180 கிலோமீட்டர் என்பதை ஒப்பிட்டால், அம்முதியவரின் செயல் விளங்கும்.

தமிழகத்தில் இத்தகையோர் இலரோ எனின், உளர். கோவை ஜி. டி. நாயுடு இளமையில் ஒரு மோட்டார் சைக்கிளைக் கண்டு, அதை வாங்கும் பொருட்டே உணவு விடுதியில் பரிமாறுபவராக வேலை செய்து பணம் சேர்த்தார். வாங்கியதும் அதைப் பிரித்துப் பார்த்துப் பூட்டக் கற்றார். 1952-ல் இருவர் அமரும் சிறு காரை இரண்டாயிரம் ரூபாய் விலையில் உருவாக்கினார். உரிமம் கிடைக்காமையால் அது வீதிக்கு வரவில்லை. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் போர்க்கால விமான ஓடுதளம் ஒன்று கிடந்தது. 1953-ல் தோன்றிய சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகத்தார் அதனையே பந்தயக் களமாக்கினர். ஃபியட், அம்பாசடர், ஹெரால்டு முதலிய குடும்ப வண்டிகளைத் திருத்தி அங்கே பல்லாண்டு ஓட்டினர். வெளிநாட்டுப் பந்தய வண்டி வாங்க இயலாத நாட்டில் கோவை கரிவரதன், 1980-களின் இறுதியில் மாருதிச் சிறு காரின் இயந்திரத்தைக் கொண்டு ஒற்றை இருக்கைப் பந்தய வண்டிகளை அமைத்தார். அவ்வகை வண்டியில் ஓடிப் பழகிய கோவை இளைஞர் நரேன் கார்த்திகேயன், 2005-ல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் முதல் இந்தியராக ஓடினார். கரிவரதன் அதைக் காணவில்லை. 1995-ல் சிறு விமான விபத்தில் மறைந்துவிட்டார். கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் உள்ள பந்தயத் தடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இனி நம் தீவுக்கு வருவோம். உப்பின் குணம் நமக்குப் புதிதன்று. கடற்காற்று தின்னாத ஸ்கூட்டர் நம் குடியிருப்பில் ஏது? பானவில் வீரர்களும் ஓட்டம் முடிந்ததும் வண்டியை நன்னீரால் கழுவிப் பிரித்துத் துடைக்காவிடில் அடுத்த ஆண்டு அது துருக்குவியலே. விரைவைத் தந்த உப்பே வண்டியைத் தின்னும். இப்பொழுது அந்த வெளிக்கும் நோய் கண்டிருக்கிறது. பொட்டாஷ் எடுப்பதற்காக உப்புநீரை இறைத்தமையும் பிறவும் சேர்ந்து தளம் மெலிந்துவிட்டது என்று கவலையுறுகின்றனர். 2014, 2015 ஆகிய இரண்டு ஆண்டுகளில் விரைவு வாரமே நடைபெறவில்லை. இயற்கை தந்த களத்தைப் பேணாவிடில் ஓட்டமும் இல்லை என்பது தீவில் வாழும் நமக்கும் பாடம்.

‘இக்கதையால் அடுப்பெரியுமா?’ என்று ஒரு தந்தையார் வினவலாம். எரியும் என்பதே நம் விடை. நம்மில் பலருடைய பெற்றோர் பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் தமிழகத்திலிருந்தும் சிறு மூட்டையோடு இங்கே வந்திறங்கினர். சென்னைக்கும் இத்தீவுக்கும் இடையே ஏறத்தாழ 1,350 கிலோமீட்டர் கடல். ஓர் உதிரி உறுப்புக்காகக் கப்பலை எதிர்நோக்கி வாரக்கணக்கில் காத்திருந்த அவர்கள், உடைந்ததை ஒட்டவும் தேய்ந்ததைக் கடையவும் கற்றனர். மன்றோவின் குவளைப் பிஸ்டன் நம் முன்னோர்க்கு வியப்பாக இராது. ஆனால் அந்தக் கைத்திறன் அடுத்த தலைமுறைக்கு இறங்குகிறதா? நடுக்கடலில் படகின் இயந்திரம் நின்றுவிட்டால் அதைத் திறந்து பார்க்கத் தெரிந்த ஒருவன் படகில் இருப்பதும் இல்லாமையும், பலர் கரை சேர்வதும் சேராமையும் ஆகும். அவசரத்துக்கு அங்கே கப்பல் தபாலும் வராது.

மற்றொன்றையும் தாய்மார்கள் சார்பில் சொல்ல வேண்டும். இளைஞர்க்கு விரைவின்மேல் வேட்கை இயல்பு. அதைத் திட்டி அடக்கிவிட முடியாது. அந்த வேட்கை தலைக்கவசம் இன்றிக் கடற்கரைச் சாலை வளைவில் போய் விளையாடினால் வீட்டில் விளக்கணையும். உப்புவெளி வீரர்கள் நமக்குக் காட்டும் வழி வேறு. ஒரு நிமிட ஓட்டத்துக்கு ஓராண்டு உழைப்பு. உழைப்புக்குப் பின் தேர்வு. தேர்வுக்குப் பின்னும் ஆளில்லா வெளியில் மட்டுமே ஓட்டம். வண்டியின் ஒவ்வொரு திருகையும் தன் கையால் முடுக்கியவன் அதைச் சாலையில் வீணாகச் சாகடிக்க மாட்டான். தன்னையும் சாகடிக்க மாட்டான்.

ஆகவே நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள் வைக்கிறோம். நூலகத்துக்கு ஓர் அறை கொடுத்தது போல, கைத்தொழிலுக்கும் ஒரு கூரை கொடுப்போம். ஒரு மேசை, ஒரு பிடிகருவி, கழிந்துபோன வண்டி இயந்திரம் ஒன்று ஆகியவை தொடக்கத்துக்குப் போதும். ஞாயிறுதோறும் காலையில் நம் குடியிருப்பில் உள்ள மெக்கானிக் அண்ணன்மார்கள் இரண்டு மணி நேரம் தரட்டும். ஆண்பிள்ளைகளோடு பெண்பிள்ளைகளும் வரட்டும். பிரித்ததைப் பூட்டி, நின்றதை ஓட வைத்த அன்று, அவ்வியந்திரம் அசையாத தாங்கியின்மேல் நின்றபடியே எவ்வளவு விரைவாகச் சுழல்கிறது என்று அளந்து ஏட்டில் எழுதுவோம். அந்த ஏட்டைப் பராமரிக்கும் எழுத்தர் வேலையை நாமே மகிழ்ந்து ஏற்கிறோம். அடுத்த ஆண்டு விழாவில் அவ்வியந்திரத்தின் ஒலி இப்பந்தலில் கேட்குமானால், நம் பேச்சைவிட அது இனிதாக ஒலிக்கும்.

 வாழ்க தமிழ்! வளர்க சங்கம்!