சொற்பமாம், சொற்பம்!

(திருவேட்டக்குடிக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



அண்மையில் ஒரு கூட்டத்தில், பட்டங்கள் பல பெற்ற பெரிய மனிதர் ஒருவர், குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய் மொத்தத்தில் சொற்பமே என்றும், ஆகையால் அதன் ஆராய்ச்சிக்குத் தனி நிதி கேட்பது பொதுப்பணத்தை விரயம் செய்வதே என்றும் கூற, அதைக் கேட்ட சபை கரகோஷமும் செய்தது கண்டு, எனக்குண்டான ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

சொற்பமாம்! இந்த ஊர்ப் படகொன்று கரை திரும்பாவிட்டால், போனவர் நால்வர்தாமே என்று கணக்குப் பார்த்து நின்ற மனிதன் எவனாவது திருவேட்டக்குடியில் உண்டா? உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 4 லட்சம் சிறுவர் சிறுமியரை இந்நோய் பற்றுகிறது. செல்வ நாடுகளில் அவர்களில் 80 சதவீதத்துக்கு மேல் குணமடைகிறார்கள்; ஏழை நாடுகள் பலவற்றில் 30 சதவீதம்கூடத் தேறுவதில்லை. இதுவா சொற்பம்?

எல்லாப்பிரகட சுப்பாராவ் என்ற மகானை நினைத்துப் பாருங்கள். சென்னை மருத்துவக் கல்லூரியில் கதர் உடுத்திய குற்றத்துக்காக எம்.பி.பி.எஸ். மறுக்கப்பட்டு, எல்.எம்.எஸ். என்ற கீழ்ப்பட்டத்தோடு அனுப்பப்பட்டவர் அவர். பட்டம் கொடுக்க மனமில்லாத பேராசிரியரின் பெயர் இன்று யாருக்கு வேண்டும்? சுப்பாராவின் அமெரிக்க ஆய்வுக்கூடத்தில் பிறந்த அமினாப்டெரின் என்னும் மருந்தைப் பாஸ்டனில் மருத்துவர் சிட்னி ஃபார்பர் ரத்தப்புற்று கண்ட 16 பிள்ளைகளுக்குக் கொடுத்து, 10 பேரிடம், தற்காலிகமாகவேனும், நோய் பின்வாங்கியதை 1948-இல் உலகுக்கு அறிவித்தார். அவ்வாண்டு ஆகஸ்டிலேயே சுப்பாராவ் காலமானார். பதினாறே பிள்ளைகள்! சொற்பம் என்று ஃபார்பர் கதவைச் சாத்தியிருந்தால்?

மருத்துவக் காப்பீட்டு அட்டை இருக்கிறதே என்பார் ஒருவர். அட்டையைக் கரைத்துக் குடித்தால் ரத்தப்புற்று தீருமா ஐயா? இருக்கும் மருந்துக்குத்தான் அது பணம் கட்டும். இல்லாத மருந்தை எங்கிருந்து கொண்டுவரும்? நோயாளிகள் குறைவென்றால் லாபமும் குறைவென்று மருந்துக் கம்பெனிகள் ஒதுங்குகின்றன. கம்பெனி ஒதுங்கும் இடத்தில் சர்க்கார் அல்லவா முன்வர வேண்டும்?

வெளிநாட்டு வைத்திய முறையை அப்படியே எடுத்துக்கொள்ளலாமே என்பார் இன்னொருவர். அம்முறையின் கடும் மருந்து வெள்ளணுக்களை வீழ்த்தும்போது, ஊட்டம் குன்றிய நம் பிள்ளை நோயால் மட்டுமல்ல, தொற்றாலும் மாண்டுபோகிறது. முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் 1954-இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையமும், மும்பை டாடா மருத்துவமனையும், டில்லி எய்ம்ஸும் 1980-களில் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிலையத்தோடு கூடி, நம் நாட்டு நிலைமைக்கேற்ற எம்.சி.பி. 841 என்னும் சிகிச்சை முறையைக் கைக்கொண்ட பிறகுதான், ஐந்தில் ஒரு பிள்ளை பிழைத்தாலே பெரிதென்றிருந்த ரத்தப்புற்றில், ஏறத்தாழப் பாதிப் பேர் பிழைக்கும் காலம் வந்தது. அது ஆராய்ச்சியின் பலன். யாரும் போட்ட பிச்சையன்று!

காரைக்காலில் ஜிப்மர் மருத்துவக் கல்லூரியின் கிளை நடக்கிறது. இதே திருவேட்டக்குடியில் தேசியத் தொழில்நுட்பக் கழகம் நிற்கிறது. இவ்விரண்டையும் இணைத்துக் குழந்தைப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு, நிதியாண்டு முடியும் மார்ச்சு மாதத்தோடு காலாவதியாகாத நிரந்தர நிதியை மத்திய சர்க்காரும் புதுவை சர்க்காரும் ஒதுக்க வேண்டும் என்ற தீர்மானத்தை இச்சபையில் பிரேரிக்கிறேன். சொற்பம் என்பவர் எழுந்து மறுத்துப் பேசட்டும். ஏனையோர் கை உயர்த்துங்கள்!