நிறுத்தி வைத்த காருக்கு வலு குறைந்தால்



நம் தோட்டப்புறங்களில் சில வீடுகளின் பின்னால் பழைய கார் ஒன்று படுதா போர்த்தி நிற்பதைப் பார்த்திருக்கிறோம். தாத்தா காலத்தில் கிராணியாரிடமிருந்து வாங்கியதாக இருக்கலாம். விற்க மனம் வராது. இப்படி நிற்கும் கார்களில் மோரிஸ் மைனர் நமக்கு நன்கு பழக்கமானது. 1948 முதல் 1971 வரை இங்கிலாந்தில் தயாரான கார் அது.

பல ஆண்டுகள் நின்ற காருக்குப் புது பேட்டரி போட்டு முடுக்குகிறோம். இஞ்சின் ஓடுகிறது. ஆனால் சாலைக்கு வந்தால் மேடு ஏற மறுக்கிறது. உடனே, "இஞ்சினைப் பிரிக்க வேண்டும்" என்று யாராவது சொல்வார்கள். அது ஒரு குடும்பத்தின் பல மாதச் சேமிப்பைக் கரைத்துவிடும் வேலை. ஆகவே, செலவில்லாத சோதனைகளை முதலில் செய்ய வேண்டும். இஞ்சினைப் பிரிப்பது கடைசியாக இருக்க வேண்டும். அந்த வரிசையைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

முதலில் பாதுகாப்பு. மூடிய கொட்டகைக்குள் இஞ்சினை ஓட விடக்கூடாது. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு வாசனை இல்லாத நச்சு வாயு, உயிரையே வாங்கிவிடும். பெட்ரோலை வாயால் உறிஞ்சி எடுக்கவும் கூடாது. அருகில் சுருட்டோ விளக்கோ வேண்டாம்.

இனி, குறை இஞ்சினில்தானா என்று பார்ப்போம். காரை உயர்த்தி, உறுதியான முட்டுக் கொடுத்து, கியரை நியூட்ரலில் வைத்து, ஒவ்வொரு சக்கரத்தையும் கையால் சுற்றிப் பாருங்கள். நீண்ட நாள் நின்ற காரில் பிரேக் துருப்பிடித்து இறுகிக்கொள்வது வழக்கம். பிரேக்கின் ரப்பர் குழாய் உள்ளே வீங்கினாலும் பிரேக் விடாது. சக்கரம் சுற்ற மறுத்தால், இஞ்சின் நல்ல நிலையில் இருந்தும் பிரேக்கோடு மல்லுக்கு நிற்கிறது என்று பொருள். பிரேக் வேலையை மட்டும் தெரிந்த மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

அடுத்து, மூச்சு. இஞ்சினும் நம்மைப் போல் மூச்சு விட வேண்டும். காற்று வடிகட்டியில் எலி கூடு கட்டியிருக்கலாம். புகைக்குழாயின் வாயைக் குளவி மண்ணால் அடைத்திருக்கலாம். இரண்டையும் பாருங்கள்.

மூன்றாவது, பெட்ரோல். பழைய பெட்ரோலில் எளிதில் ஆவியாகும் பகுதி போய்விடும். மிஞ்சுவது வார்னிஷ் போல நாறும். தொட்டியில் துருவும் தண்ணீரும் சேர்ந்திருக்கும். பழையதை வடித்துவிட்டுப் புதியது ஊற்ற வேண்டும். சாவியைத் திருப்பியதும் பெட்ரோல் பம்பு 'டிக் டிக்' என்று அடித்து, சிறிது நேரத்தில் நிற்க வேண்டும். நிற்காமல் அடித்தால் குழாயில் எங்கோ காற்று புகுகிறது, அல்லது பெட்ரோல் எங்கோ கசிகிறது. கசிவு இருந்தால் உடனே சாவியை அணைத்துவிடுங்கள்.

மோரிஸ் மைனரின் எஸ்.யு. கார்புரேட்டருக்குள் மேலும் கீழும் நகரும் ஒரு பிஸ்டன் உண்டு. இஞ்சினை நிறுத்தி, வடிகட்டியைக் கழற்றி, விரலால் அந்தப் பிஸ்டனைத் தூக்கி விடுங்கள். 'டக்' என்ற ஓசையோடு அது கீழே விழ வேண்டும். பிசின் படிந்து பாதியில் நின்றால், இஞ்சினுக்கு வேண்டிய காற்றும் பெட்ரோலும் சரியான அளவில் கிடைக்காது. அதைக் கழற்றித் துடைத்து, மேல் மூடியைத் திறந்து கொஞ்சம் எண்ணெய் விட்டாலே பல கார்கள் தெளிந்துவிடும்.

நான்காவது, தீப்பொறி. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். முனை இளம் பழுப்பாக இருந்தால் நலம். கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி. சோக் கம்பி சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். டிஸ்ட்ரிபியூட்டரில் உள்ள பாயிண்டுகள் ஈரக்காற்றில் பூத்துப்போயிருக்கும். அவற்றைத் துடைத்து, இடைவெளியை ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டருக்குச் சரிசெய்ய வேண்டும்.

இஞ்சின் நின்ற இடத்தில் நன்றாக ஓடி, மேட்டில் மட்டும் தளர்கிறதா? டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்து, ரோட்டாரை அது சுழலும் பக்கமாக இலேசாகத் திருகி விடுங்கள். அது தானே திரும்பி வர வேண்டும். வராவிட்டால் உள்ளேயிருக்கும் எடைகள் துருவில் ஒட்டிக்கொண்டன. வேகம் கூடும்போது தீப்பொறி முன்கூட்டி விழாததால் வலு கிடைக்காது. சில சொட்டு எண்ணெயும் பொறுமையும் இருந்தால் பெரும்பாலும் போதும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் வலு வரவில்லையானால், ஐந்தாவதாக அழுத்தச் சோதனை. மெக்கானிக்கிடம் அதற்கான மானி இருக்கும். நான்கு சிலிண்டர்களிலும் அழுத்தம் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றில் மட்டும் குறைந்தால், அதில் ஒரு தேக்கரண்டி இஞ்சின் எண்ணெய் விட்டு மறுபடி அளக்கச் சொல்லுங்கள். அழுத்தம் ஏறினால் பிஸ்டன் வளையத்தில் குறை. ஏறாவிட்டால் வால்வைச் சந்தேகிக்கலாம். அடுத்தடுத்த இரண்டில் குறைந்தால் ஹெட் கேஸ்கட் பழுதாகியிருக்கலாம்.

வால்வு என்றதும் பயப்பட வேண்டாம். அதன் இடைவெளியை முதலில் அளக்கட்டும். மைனர் ஆயிரம் வகைக்குக் குளிர்ந்த நிலையில் அது 0.3 மில்லிமீட்டர். இந்தக் கார்கள் ஈயம் கலந்த பெட்ரோலுக்காகச் செய்யப்பட்டவை. 2021ஆம் ஆண்டோடு உலகெங்கும் சாலை வாகனங்களுக்கான அந்தப் பெட்ரோல் விற்பனை முடிந்துவிட்டது. ஈயமில்லாப் பெட்ரோலில் கடுமையாக ஓட்டினால் வால்வு அமரும் இடம் மெல்லத் தேய்ந்து, இடைவெளி குறையும். ஆகவே அதை அவ்வப்போது பார்த்துக்கொள்வது நல்லது.

நேயர்களே, சக்கரம், மூச்சு, பெட்ரோல், தீப்பொறி, அழுத்தம் என்ற இந்த வரிசையை வீட்டுப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டுமே செய்யுங்கள். செய்ததை ஏட்டில் குறித்து வையுங்கள். பட்டறைக்குப் போகும்போது, "கார் இழுக்கவில்லை" என்று மட்டும் சொல்லாமல், இதையெல்லாம் பார்த்தாயிற்று என்று சொல்ல முடியும். விவரம் தெரிந்து கேட்பவரின் பணம் வீணாகாது.