பழைய காருக்குப் புதிய ஊட்டம்



பழைய கார் ஒன்றைப் பேணி வருவோர் அடிக்கடி ஒரு கேள்வி கேட்பதுண்டு. "இதன் கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு, இக்காலக் கார்களில் உள்ளதுபோல் இன்ஜெக்டர் வைத்துக்கொள்ளலாமா?" என்பதே அது. வைத்துக்கொள்ளலாம், ஆனால் ஓர் உறுப்பை எடுத்துவிட்டு மற்றோர் உறுப்பை வைப்பதோடு அவ்வேலை முடிவதில்லை. கார்புரேட்டரும் அதனைச் சார்ந்த பழைய அமைப்பும் வாய் திறவாமல் செய்துவந்த காரியங்கள் பல. அவற்றை நாம் அறிந்து, ஒவ்வொன்றாகத் திரும்பச் செய்தாக வேண்டும். அவை யாவை என்று சொல்லவே இன்று விரும்புகிறேன்.

1 கிலோகிராம் பெட்ரோல் முழுவதும் எரிய ஏறத்தாழ 14.7 கிலோகிராம் காற்று தேவை. பெட்ரோல் மிகுந்தால் கரும்புகையும் வீண் செலவும் உண்டாகும். மிகவும் குறைந்தால் என்ஜின் தடுமாறும். இந்த அளவைக் காக்கக் கார்புரேட்டர் கையாளும் உபாயம் வியக்கத்தக்கது. என்ஜின் இழுக்கும் காற்று ஒரு குறுகிய கழுத்தின் வழியே விரைகிறது. வேகம் மிகுந்த இடத்தில் அழுத்தம் குறையும் என்னும் உண்மையை டேனியல் பெர்னூலி 1738-இல் வெளியிட்ட தம் நூலில் ஆராய்ந்தார். அழுத்தம் குறைந்த அக்கழுத்தில், சிறு துளை வழியே பெட்ரோல் தானே எழுந்து காற்றோடு கலக்கிறது. காற்றோட்டம் மிகுந்தால் பெட்ரோலும் மிகும். அளப்பவரும் இல்லை, கணக்கெழுதுபவரும் இல்லை.

ஆயினும் இம்முறையில் ஒரு குறை உண்டு. கார்புரேட்டர் காற்றின் ஓட்டத்தை உணருமேயன்றி, அதன் எடையைச் சரிவர அறியாது. சமவெளியில் செவ்வையாக ஓடும் கார் ஒன்று உதகமண்டலத்துக்கு ஏறுவதாகக் கொள்வோம். 2,200 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. கார்புரேட்டரோ அந்த அளவுக்குப் பெட்ரோலைக் குறைப்பதில்லை. கலவையில் பெட்ரோல் விகிதம் ஏறுகிறது, புகை மிகுகிறது, வண்டியின் வலுவும் குன்றுகிறது.

இன்ஜெக்டர் முறை அளந்து பார்த்து ஊட்டும் முறை. காற்றின் அழுத்தம், வெப்பம், என்ஜின் சுழலும் வேகம் ஆகியவற்றை உணர்கருவிகள் தெரிவிக்க, ஒரு சிறு கணிப்பொறி உட்செல்லும் காற்றின் எடையைக் கணக்கிடுகிறது. அதற்கேற்ப இன்ஜெக்டரின் வாய், விநாடியில் ஆயிரத்தில் சில பங்கு நேரமே திறந்து மூடுகிறது. புகைக்குழாயில் உள்ள மற்றோர் உணர்கருவி, எரிந்தபின் எஞ்சிய பிராணவாயுவைக் கண்டு கணக்கைத் திருத்துகிறது.

இந்த எண்ணம் எளிதில் கைகூடவில்லை. அமெரிக்காவில் கிரைஸ்லர் நிறுவனம், பெண்டிக்ஸ் நிறுவனத்தாரின் மின்னணு இன்ஜெக்டரைத் தனது 1958-ஆம் ஆண்டுக் கார்கள் சிலவற்றில் பொருத்தி விற்றது. அக்கால மின்னணு உறுப்புகள் சாலையின் வெப்பத்தையும் அதிர்வையும் தாங்கவில்லை. அக்கார்களில் பெரும்பாலானவற்றுக்கு மீண்டும் கார்புரேட்டரே வைக்க நேர்ந்தது! 1967-இல் ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் தன் மின்னணு முறையை வோல்க்ஸ்வாகன் கார்களுக்கு அளித்த பின்னரே அது வேரூன்றிற்று.

இனி, நம் நாட்டவர் நன்கறிந்த அம்பாஸடர் காரை எடுத்துக்கொள்வோம். 1489 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள அதன் பழைய என்ஜினில் சிலிண்டர்கள் நான்கு; காற்று நுழையும் வாயில்களோ இரண்டே. ஒரே வாயிலைப் பங்கிட்டுக்கொள்ளும் இரு சிலிண்டர்களும் அடுத்தடுத்துக் காற்றை இழுத்துவிட்டு, பின்னர் நெடுநேரம் வாளா இருக்கும். அந்த வாயிலில் பெட்ரோலைப் பீச்சினால், ஒன்று மிகுதியாக வாரிக்கொள்ள, மற்றது பட்டினி கிடக்க நேரும். ஆகவே இத்தகைய என்ஜினுக்கு, கார்புரேட்டர் இருந்த இடத்திலேயே இன்ஜெக்டரை அமைத்து, பெட்ரோல் காற்றோடு கலந்தபின் உள்ளே செல்ல விடுவதே எளிய வழி.

அடுத்தது அழுத்தம். கார்புரேட்டருக்குப் பெட்ரோலை ஊட்ட, வளிமண்டல அழுத்தத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே போதும். பல இன்ஜெக்டர்களுக்கு அவ்வளிமண்டல அழுத்தத்தைப்போல் 3 மடங்கு வேண்டும். பழைய ரப்பர்க் குழாய்கள் இதைத் தாங்கமாட்டா. அவற்றை மாற்றியே தீரவேண்டும்.

இங்கேதான் உயிர் காக்கும் செய்தி ஒன்று உள்ளது. பல பழைய கார்களில் பெட்ரோல் பம்பை இயக்குவது என்ஜினே. என்ஜின் நின்றால் பம்பும் நிற்கும். புதிதாக வைக்கும் மின்சாரப் பம்போ, மின்சாரம் உள்ளவரை ஓடும். விபத்தில் கார் கவிழ்ந்து, குழாய் அறுந்து கிடக்கும்போதும் அது பெட்ரோலை இறைத்துக்கொண்டிருந்தால் விளைவு என்னவாகும்? ஆகவே, என்ஜின் சுழலாதபோது பம்புக்கு மின்சாரம் செல்லாதபடி கணிப்பொறி தடுக்க வேண்டும்; மோதிய மாத்திரத்தில் மின்சாரத்தைத் துண்டிக்கும் விசையும் வேண்டும். பழைய அமைப்பில் தானே கிடைத்த காவலை, புதிய அமைப்பில் நாம் முனைந்து ஏற்படுத்தவேண்டியிருக்கிறது.

மின்சாரத்தின் தேவையும் பெருகுகிறது. என்ஜின் மெதுவாகச் சுழலும்போது பழைய டைனமோ தரும் மின்சாரம் பம்புக்கும் கணிப்பொறிக்கும் போதாது, ஆல்டர்னேட்டர் வேண்டும். சட்டத்தையும் மறத்தலாகாது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, வண்டியை மாற்றியமைப்பதற்கு வரம்பு விதிக்கிறது. எனவே போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டறிந்த பின்னரே வேலையைத் தொடங்க வேண்டும்.

மற்றொன்றும் சொல்வேன். தேய்ந்த பிஸ்டன் வளையத்தையும் காற்றுக் கசியும் வால்வையும் எந்த இன்ஜெக்டரும் குணப்படுத்தாது. முதலில் என்ஜினைச் சோதித்துச் செப்பனிடுங்கள். கார்புரேட்டரையும் சுத்தம் செய்து, அதன் மிதவையையும் துளைகளையும் சரிபாருங்கள். பல வண்டிகளுக்கு அதுவே போதியதாகிவிடும். போதாது என்று கண்டால், அக்கருவி என்னென்ன செய்தது என்பதை முற்றக் கற்றபின் அதனைக் கழற்றுங்கள். அவ்வாறு கற்றவர் கையில்தான் புதிய கருவி நன்மை தரும்.